எஞ்சினைத் திறந்து பார்த்த பிறகு பணத்தை எடுங்கள்

கேள்வி: வணக்கம் அக்கா. எனக்கு 28 வயது. பட்டர்வொர்த்தில் வீடு, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை, சம்பளம் 3,200 வெள்ளி (ரிங்கிட்). கல்யாணமாகி ஒரு குழந்தை இருக்கிறது. வேலைக்குப் போக கப்சாய் (சின்ன மோட்டார் சைக்கிள்) தனியாக வைத்திருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் 6,500 வெள்ளிக்குப் பழைய 150 சிசி ஸ்கிராம்பளர் (காடு மேடு ஓட்டுகிற பைக்) ஒன்று வாங்கி, அதில் மேலும் 1,800 போட்டேன். போன மாதம் கூலிம் பக்கம் ஆற்றைக் கடக்கும்போது தண்ணீருக்குள் எஞ்சின் நின்றுவிட்டது. காயவைத்து ஸ்டார்ட் செய்தோம். பத்து நிமிடத்தில் 'டக் டக்' என்று சத்தம் வந்து மறுபடியும் நின்றது. ஒரு வொர்க்‌ஷாப்பில் பிஸ்டன், ரிங், பிளாக் (சிலிண்டர்) மாற்ற 850 கேட்கிறார்கள். இன்னொருவர் கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் அடித்தண்டு) உட்பட முழு ஓவர்ஹால் 2,300 என்கிறார். நண்பரிடம் 1,500-க்கு செகண்ட் ஹேண்ட் எஞ்சின் இருக்கிறது, ஆனால் பேப்பர் இல்லை. வண்டியை அப்படியே 2,000-க்குக் கேட்பவரும் இருக்கிறார். மனைவி விற்கச் சொல்கிறார். சேமிப்பு 3,800. கிரெடிட் கார்டில் போட்டுச் செய்துவிடவா?

பதில்: கார்டு வேண்டாம் தம்பி. அதற்கான கணக்கைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால், 850-ஐயும் 2,300-ஐயும் ஒரே வேலைக்கான இரண்டு விலை என்று நினைத்து ஒப்பிடுகிறீர்கள். அவை இரண்டும் வேறு வேறு வேலை.

என் அண்ணன் பிறையில் இருபது வருடமாகப் பொமென் (மெக்கானிக்). உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். 'டக் டக்' என்ற இடத்தில் அவர் நிறுத்தச் சொன்னார். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்த நேரத்தில் பிஸ்டன் மேலே ஏறினால், அந்த வேகம் முழுவதையும் கான்ராட் (பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் தண்டு) தாங்க வேண்டிவரும். அது கொஞ்சம் வளைந்திருந்தாலும் புது பிஸ்டன் ஒரு பக்கமாகவே தேயும். கான்ராடின் அடி பேரிங் போயிருந்தால் அந்தச் சத்தம் திரும்ப வரும். அப்போது 850-ம் போய், அதன் மேல் 2,300-ம் கொடுக்க வேண்டியிருக்கும். உங்கள் பட்டியலில் மலிவாகத் தெரிகிற வேலையில்தான் இந்த ஆபத்து இருக்கிறது.

அதனால் முதலில் காசு கொடுக்க வேண்டியது திறந்து அளந்து பார்ப்பதற்கு மட்டும். அதற்கு எவ்வளவு, ரிப்பேரும் அங்கேயே செய்தால் அதைக் கழித்துக்கொள்வார்களா என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். பிளாக்கைக் கழற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். கான்ராடைப் பிடித்து நேராக மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடுவது சகஜம், மேலும் கீழும் துளி ஆட்டம்கூட இருக்கக் கூடாது. சிலிண்டரில் நகத்துக்குத் தட்டுப்படுகிற கீறல் இருந்தால், அதன் உள்சுவர் இரும்பு ஸ்லீவா (குழாயா), முலாம் பூசியதா என்று கேளுங்கள். இரும்பு ஸ்லீவ் என்றால் கடைந்து, ஒரு சைஸ் பெரிய பிஸ்டன் போடலாம். முலாம் பூசியதைச் சும்மா கடைந்தால் பூச்சு போய்விடும். இந்த ஒரு பதில் உங்கள் பில்லில் சில நூறு வெள்ளியை ஏற்றும் அல்லது இறக்கும்.

சரி, எவ்வளவு வரை செலவு செய்யலாம்? 6,500, 1,800 இரண்டையும் மறந்துவிடுங்கள். கஷ்டம்தான், ஆனால் அந்தப் பணம் எந்த முடிவு எடுத்தாலும் திரும்பி வராது. இதே வண்டி நன்றாக ஓடினால் இன்று என்ன விலைக்குக் கை மாறுகிறது என்று பாருங்கள். விளம்பரத்தில் கேட்கிற விலை கணக்குக்கு உதவாது. 5,000 என்று வைத்துக்கொள்வோம். இப்படியே விற்றால் 2,000. ஆக, 3,000-க்கு மேல் ரிப்பேர் செய்வது காசை ஆற்றில் விடுவது. முழு ஓவர்ஹால் 2,300 இந்தக் கோட்டுக்குள் வருகிறது, ஆனால் திறந்த பிறகு 'இதுவும் போயிருக்கிறது' என்று 700 கூடினால் கோட்டைத் தொட்டுவிடும்.

இப்போது கார்டு. வட்டி வருடத்துக்கு 18 விழுக்காடு என்றால் 2,300-க்கு முதல் மாத வட்டி மட்டும் 34 வெள்ளி 50 காசு. குறைந்தபட்சத் தொகை 5 விழுக்காடு, அதாவது 115 கட்டினால் அசலில் குறைவது சுமார் 80 வெள்ளிதான். சனி, ஞாயிறு மட்டும் ஓட்டுகிற வண்டிக்காகக் குழந்தையின் பால் மாவுச் செலவோடு இந்தக் கடனையும் சுமக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஊழியர் சேமநிதியின் (இபிஎஃப்) மூன்றாவது கணக்கிலிருந்து எடுக்கலாமே என்று தோன்றலாம். 2024 மே மாதத்திலிருந்து மாதச் சந்தாவில் 10 விழுக்காடு அதில் சேர்கிறது. உங்கள் சம்பளத்துக்கு உங்கள் பங்கு 11, முதலாளி பங்கு 13 விழுக்காடு என்றால், அந்தக் கணக்கில் விழுவது மாதம் சுமார் 77 வெள்ளி. 2,300 எடுத்தால் இரண்டரை வருடச் சேர்ப்பு காலியாகும். அதையும் விடுங்கள்.

பேப்பர் இல்லாத எஞ்சின் பக்கம் போகவே வேண்டாம். எஞ்சினை மாற்றினால் ஜேபிஜே-யில் (சாலைப் போக்குவரத்து இலாகா) புது எஞ்சினின் எண்ணைப் பதிய வேண்டும். அது திருட்டு எஞ்சினாக இருந்தால் வண்டியே கைவிட்டுப் போகலாம்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால், கான்ராடும் கிராங்க்கும் நன்றாக இருக்கும் பட்சத்தில் 850-ஐச் சேமிப்பிலிருந்தே கொடுத்து முடித்துவிடுவேன். அடிப்பக்கம் போயிருந்தால் இப்போது எதுவும் செய்ய மாட்டேன். 3,800-ல் 2,300 போனால் மிஞ்சுவது 1,500. குழந்தை இருக்கிற வீட்டுக்கு அது பத்தாது. மாதம் 400 ஒதுக்கினால் ஆறு மாதத்தில் கடனில்லாமல் முழு வேலையும் முடியும். ஒதுக்க முடியவில்லை என்றால் மனைவி சொல்வதுதான் சரி, 2,000-க்கு விற்றுவிடுங்கள். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: கழற்றிக் கூடையில் போட்ட எஞ்சினுக்கு அந்த 2,000 கிடைக்காது. அதனால் கேட்பவர் எத்தனை நாள் காத்திருப்பார் என்று திறப்பதற்கு முன்பே பேசுங்கள்.

வேலை கொடுத்தால் பாகம் பாகமாக விலை எழுதிய ரசீதும், கழற்றிய பழைய சாமான்களும் கேட்டு வாங்குங்கள். தகராறு வந்தால் 5 வெள்ளி கட்டணத்தில் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம், ஆனால் ரசீது வேண்டும்.

இந்தச் சனிக்கிழமை எஞ்சின் எண்ணெயை வெள்ளைத் துணியில் வடித்து வெயிலில் பாருங்கள். தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. மினுமினுவென்று இருந்தால் உலோகத் தூள், பேரிங் தேய்ந்திருக்கலாம். எதைப் பார்த்தீர்கள் என்று எழுதுங்கள், அண்ணனிடம் கேட்டு அடுத்ததைச் சொல்கிறேன்.