தாத்தாவின் ரிவால்வரில் இருப்பது அசல் உளிவேலைதானா?

கேள்வி: எங்கள் மயிலாப்பூர் வீட்டுப் பரணைக் காலி செய்தபோது, தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் பழைய ரிவால்வர் ஒன்று கிடைத்தது. உடல் முழுக்கக் கொடி கொடியாகச் செதுக்கல். கைப்பிடி மஞ்சள் பாய்ந்த வெள்ளை. மேலே ‘பி. ஓர் அண்ட் சன்ஸ், மெட்ராஸ்’ என்று இருக்கிறது. லைசென்ஸ் எதுவும் அகப்படவில்லை. இதைப் பாலிஷ் போட்டு வைத்துக்கொண்டு, இதுபோல் இன்னும் சில சேகரிக்க ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: பாலிஷ் போடும் எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். விசையையும் இழுத்துப் பார்க்காதீர்கள். எத்தனை வருடம் பெட்டியில் கிடந்திருந்தாலும் உள்ளே தோட்டா இருக்கலாம்.

அடுத்தது சட்டம். ‘பழசுதானே, லைசென்ஸ் எதற்கு?’ என்று பலர் கேட்கிறார்கள். 1959ஆம் வருட ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு விலக்கு தருகிறது, உண்மைதான். ஆனால் பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருந்தால்தான் அது பொருந்தும். 2020இல் விதிகளைத் திருத்தி, ‘கியூரியோ’ எனப்படும் அரும்பொருள் வகைச் சிறு ஆயுதங்களை லைசென்ஸ் இல்லாமல் வைத்திருக்கலாம் என்றார்கள். வெளியே கொண்டுபோக அப்போதும் லைசென்ஸ் வேண்டும். அதனால் பையில் போட்டுக்கொண்டு கடை கடையாகக் காட்டப் போகாதீர்கள். உங்களுடையது எந்த வகை என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். சென்னையில் லைசென்ஸ் தரும் அதிகாரி போலீஸ் கமிஷனர். வக்கீல் ஒருவரை வைத்துக்கொண்டு, வேப்பேரி அலுவலகத்துக்குப் படங்களோடு கடிதம் கொடுங்கள். லைசென்ஸ் கட்டாயம் என்று சொன்னால், 21ஆம் பிரிவின்படி ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட்டு, வாரிசாக விண்ணப்பிக்கலாம்.

கைப்பிடிதான் எனக்குக் கூடுதல் கவலை. அதன் அடிப்பக்கத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். மெல்லிய கோடுகள் வலைபோல் குறுக்கும் நெடுக்குமாக ஓடினால் யானைத் தந்தம். கறுப்புப் புள்ளிகளும் சிறு கீறல்களும் தெரிந்தால் எலும்பு. தந்தம் என்றால் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும்: விற்க முடியாது, வாரிசாக வந்ததை 90 நாளுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் அறிவிக்க வேண்டும். அதையும் வக்கீலிடம் சொல்லிவிடுங்கள்.

சரி, செதுக்கலுக்கு வருவோம். பி. ஓர் மவுண்ட் ரோட்டில் பேர்போன கடிகார, நகைக் கடை, துப்பாக்கியும் விற்றார்கள். செய்தது பெரும்பாலும் இங்கிலாந்தில். கடையின் பெயரை மட்டும் மேலே பொறித்து வாங்குவார்கள். குழலிலும், தோட்டா போடும் சிலிண்டரிலும் சோதனை முத்திரை தேடுங்கள். துப்பாக்கியைச் சுட்டுச் சோதித்ததற்கு அடையாளமாக அடிப்பது அது. குறுக்கே வைத்த இரண்டு செங்கோல், மேலே கிரீடம், அதோடு பி.பி.சி. என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் பர்மிங்காம், 1813க்கும் 1904க்கும் இடைப்பட்டது. முட்டை வடிவ வளையத்துக்குள் இ.எல்.ஜி. என்று இருந்தால் பெல்ஜியத்தின் லீஜ் நகரம்.

இந்த முத்திரைகளைக் கொடி எப்படிச் சந்திக்கிறது என்பதுதான் முதல் சோதனை. அசல் வேலையில் கொடி பெரும்பாலும் முத்திரைக்கும் எண்ணுக்கும் இடம்விட்டு வளையும். பிற்காலத்தில் விலையேற்றச் செதுக்கியது முத்திரையின் மேலேயே ஏறிப்போகும். பழைய துருக்குழிக்குள் இறங்கி எழுந்து போகும் கோடு இன்னும் மோசம். துரு வந்தபின் உளி வந்தது என்று அதுவே சொல்லிவிடும். நகைப் பட்டறையில் வைத்திருக்கும் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் கண்ணாடி ஒன்றை வாங்கிப் பாருங்கள். உளி போன தடம் ‘வி’ வடிவில், அடியில் கூர்மையாக இருக்கும். இரண்டு சுருள் அச்சு அசலாக ஒன்றுபோல் இராது. அமிலத்தால் அரித்ததில் அடி தட்டையாக, சொரசொரப்பாக இருக்கும். செதுக்கி முடித்த பிறகே உலோகத்துக்குக் கருநீல நிறமேற்றுவார்கள் என்பதால், மேற்பரப்பு தேய்ந்த இடத்திலும் தடத்தின் அடியில் அந்தக் கருநீலம் ஒட்டியிருக்கும். பாலிஷ் சக்கரம் முதலில் கொண்டுபோவது அதைத்தான். அழகான சுருள் வேலை ஒன்று கால்மணி நேரத்தில் வழவழவென்று ஆனதை நான் பார்த்திருக்கிறேன். திரும்பக் கொண்டுவர வழியே இல்லை.

இன்னொன்று. அமெரிக்காவின் கோல்ட் கம்பெனி செய்த ‘1851 நேவி’ ரிவால்வரின் சிலிண்டரில் கடற்போர்க் காட்சி ஒன்று இருக்கும். 1843 மே 16இல் மெக்சிகோவின் கம்பேச்சே கடலோரம் நடந்த சண்டை அது. கையால் செதுக்கியது என்று சொல்லி விற்பார்கள். ஆர்ம்ஸ்பி என்ற கலைஞர் வெட்டிய அச்சை உருட்டி ஒவ்வொன்றிலும் பதித்ததுதான் அது. அழகுதான், ஆனால் கைவேலைக்கான விலை கொடுக்காதீர்கள்.

சேகரிப்பு என்றால், 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் லைசென்ஸில் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைக்க முடியாது. வாரிசாக வந்ததும் அந்தக் கணக்கில்தான். உங்கள் இடத்தில் நான் இருந்தால் இந்த ஒன்றை ஒழுங்காகக் காப்பாற்றிக்கொண்டு, வெடிமருந்துக் குடுவை, பழைய மரப்பேழை, அந்தக் காலக் கடைகளின் விலைப்பட்டியல், விளம்பரம் என்று தேடுவேன். கண் பழக எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய்வாருங்கள். தஞ்சாவூர் அரண்மனை ஆயுதங்கள் அங்கே இருக்கின்றன.

அனுமதி கிடைத்து வீட்டிலேயே வைப்பதானால், தோல் உறை மட்டும் வேண்டாம். நம் ஊர்க் கடற்காற்றின் ஈரத்தை அது பிடித்து வைத்துக்கொள்ளும். பருத்திக் கையுறை, துணியில் தொட்ட மெல்லிய எண்ணெய், பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போதும்.

கடிதத்துக்குப் படம் எடுக்கும்போது ரிவால்வரைக் கையில் எடுக்காதீர்கள், கிடக்கிறபடியே எடுங்கள். ஃபிளாஷ் போடாமல் ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் சாய்வாக விழட்டும். அப்போதுதான் உளித்தடம் ஒவ்வொன்றும் நிழலோடு தெரியும்.