பொது நிலத்தில் ஒரு பாதை – கடிதம்

அன்புள்ள அண்ணா,

வடசென்னை எருக்கஞ்சேரியில் எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு பொது இடம் கிடக்கிறது. மனை போட்ட காலத்தில் பூங்காவுக்கென்று விட்டது என்கிறார்கள். இப்போது பாதி சீமைக்கருவேலம், பாதி கட்டட இடிபாட்டு ரப்பிஷ். நடுவில் பையன்கள் பந்தாடுகிறார்கள். என் அம்மாவுக்குச் சர்க்கரை. தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். ஜி.என்.டி. ரோட்டில் லாரிகளுக்கு நடுவே எங்கே நடப்பது? அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்களே சேர்ந்து அந்த இடத்தைச் சுற்றி ஒரு நடைபாதை போடலாம் என்று சிலர் பேசினோம். உடனே சண்டை. வரி கட்டுகிறோம், மாநகராட்சி செய்யட்டும் என்கிறார் ஒரு பெரியவர். குடியிருப்போர் சங்கத்தில் பாதிப்பேர், காம்பவுண்டு கட்டி கேட்டுப் போட்டுப் பூட்டினால்தான் பணம் தருவோம் என்கிறார்கள். இல்லாவிட்டால் பின்பக்கத்துக் குடிசைகளிலிருந்து வருபவர்கள் கெடுத்துவிடுவார்களாம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு வாசகன், எருக்கஞ்சேரி

அன்புள்ள தம்பி,

பாதையைப் போடுங்கள். கேட்டும் பூட்டும் வேண்டாம்.

நீங்கள் போடப்போகும் பாதையில் ஒரு பகுதி அந்த நிலத்தில் ஏற்கெனவே இருக்கும். போய்ப் பாருங்கள். முள்ளுக்கு நடுவே ஒற்றையடித் தடம் ஒன்றாவது நிச்சயம் கிடைக்கும். பின்பக்கத்து வீடுகளிலிருந்து வேலைக்குப் போகிறவர்களும், குடம் தூக்கி வருகிறவர்களும், பந்தாடும் பையன்களும் நடந்து நடந்து உண்டாக்கியது அது. இன்றைக்கு அந்த இடத்தை உண்மையிலேயே பயன்படுத்துகிறவர்கள் அவர்கள்தான். அவர்களைக் கேட்காமல் கோடு போட்டால் அது சங்கத்தின் பாதை ஆகிவிடும், ஊர்ப் பாதை ஆகாது. முதல் கூட்டத்தைச் சங்க அறையில் வைக்காமல் அந்த மைதானத்திலேயே வையுங்கள். பையன்களின் ஆட்டக்களத்தை எந்தக் காரணத்துக்காகவும் குறுக்கே வெட்டாதீர்கள், சுற்றிக்கொண்டு போங்கள். வியாசர்பாடி பக்கம் கால்பந்து எப்படிப்பட்ட விஷயம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பூட்டினால் இடம் பத்திரமாக இருக்கும் என்ற எண்ணத்தை இந்த ஊரின் வரலாற்றை வைத்துத்தான் பார்க்க வேண்டும். சென்ட்ரலுக்குப் பக்கத்தில் பீப்பிள்ஸ் பார்க் என்று ஒன்று இருந்தது. கவர்னர் டிரெவெல்யன் காலத்தில், 1859 வாக்கில் தொடங்கியது, 116 ஏக்கர். மூர் மார்க்கெட், ரிப்பன் மாளிகை, நேரு விளையாட்டரங்கம் என்று ஒவ்வொன்றாக அதற்குள் வந்தன. மிஞ்சியது மை லேடீஸ் பூங்காவும் சில துண்டுகளும். அந்தக் கட்டடங்கள் எல்லாம் ஊருக்குத் தேவையானவைதான், நல்ல காரணத்தோடு வந்தவைதான். பொது நிலம் பெரும்பாலும் அப்படித்தான் போகிறது. முதலில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர், அப்புறம் ஒரு ஷெட், அப்புறம் ஒரு அலுவலகம். நூறு பேர் தினமும் நடக்கிற இடத்தில் யாராவது ஒரு முளைக்குச்சி அடித்தால் அன்று சாயங்காலமே தெருவுக்குத் தெரிந்துவிடும். பூட்டிக் கிடக்கும் இடத்தில் சுவர் எழும்பிய பிறகுதான் தெரியும். குடிசைக்காரர்கள் வந்தால் கெட்டுவிடும் என்பவர்களிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள்: காலை ஐந்து மணிக்கு அந்த வழியாக வேலைக்குப் போகிற பெண்களைவிட நல்ல காவல் உங்களுக்குக் கிடைக்காது. ராயபுரம் ராபின்சன் பூங்காவில் 1949 செப்டம்பரில் கொட்டுகிற மழையில் தி.மு.க. என்ற ஒரு கட்சியே பிறந்தது. யார் வேண்டுமானாலும் வந்து நிற்கலாம் என்றிருந்ததால்தான் அவ்வளவு கூட்டம் அங்கே நிற்க முடிந்தது. வடசென்னையில் பொது இடத்துக்கு அந்த மரபு உண்டு.

மாநகராட்சி செய்யட்டும் என்ற பெரியவரைத் தள்ளிவிடாதீர்கள். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. 300 ஏக்கருக்கு மேல் விரிந்த கொடுங்கையூர் குப்பை மேட்டின் காற்றைக் குடித்துக்கொண்டு வாழ்கிறோம். ஊரின் கழிவையெல்லாம் சுமக்கிறவர்களே பூங்காவையும் சொந்தக் கையால் போட்டுக்கொள்ள வேண்டும் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அதனால் வேலையைப் பிரியுங்கள். நிலத்தின் ஆவணம், குப்பை லாரி, விளக்குக் கம்பம் மூன்றும் மாநகராட்சியின் பொறுப்பு. அதை எழுத்தில் கேளுங்கள். அந்த மனுவைப் பெரியவரையே எழுதச் சொல்லுங்கள், நன்றாக எழுதுவார்.

ஆவணம் எல்லாவற்றுக்கும் முன்னால் வர வேண்டும். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் 10 சதவீதத்தைத் திறந்தவெளிக்கென்று ஒதுக்கி, தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. உங்கள் இடம் அப்படி ஒப்படைக்கப்பட்டதா, வரைபடத்தில் மட்டும் பச்சையாக இருக்கிறதா என்பதைப் பாருங்கள். நகர நில அளவைப் பதிவேட்டில் யார் பெயரில் இருக்கிறது என்பதையும் எடுங்கள். அலுவலகத்தில் அலையவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய், 30 நாள். மாநகராட்சி பெயரில் இருந்தால் மண்டல அலுவலகத்தில் எழுத்துப்பூர்வ அனுமதி வாங்கிக்கொண்டு மண்வெட்டியைத் தொடுங்கள். செலவு கை மீறினால் நமக்கு நாமே திட்டத்தைக் கேட்டுப் பாருங்கள். அதில் மக்கள் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு தருகிறது.

அப்புறம் ஒரு விஷயம், இதை நான் அழுத்திச் சொல்கிறேன். வாரம் முழுக்க இந்த நகரத்தைப் பெருக்குகிறவர்கள் நம் பகுதியில் நிறையப் பேர் வாழ்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமையும் குப்பை வாரும் வேலை பழக்கத்தில் அவர்கள் பக்கமே நகர்ந்துவிடும். நகர விடாதீர்கள். குப்பையைச் சங்கத் தலைவரும் கல்லூரிப் பையன்களும் வாரட்டும், தடித்த கையுறையும் பூட்ஸும் போட்டுக்கொண்டு. வாரம் முழுக்கப் பெருக்குகிறவர்கள் வந்தால் பாதைக்கு நூல் பிடிக்கட்டும், மரம் வைக்கட்டும். மலமோ சாக்கடையோ இருந்தால் யாருமே கை வைக்கக் கூடாது. ஒருவரை அதில் இறக்குவது, கையால் மலம் அள்ள வைப்பதைத் தடை செய்யும் 2013 சட்டப்படி குற்றம். இயந்திரத்தோடு மாநகராட்சி வர வேண்டும்.

இனி வேலை. மழைக்கு முன்னால் பாதை போட அவசரப்படாதீர்கள். வடசென்னை தட்டையான பூமி, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று கண்ணால் சொல்ல முடியாது. இந்த ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை நின்ற மறுநாள் போய், எங்கெல்லாம் தேங்கியிருக்கிறதோ அங்கெல்லாம் குச்சி நட்டு வையுங்கள். பாதை அந்தக் குச்சிகளை விட்டு விலகிப் போக வேண்டும். தேங்குகிற பள்ளத்தைத் தூர்க்காமல் அப்படியே விடுங்கள். மழைநீர் நிலத்துக்குள் இறங்க அது வேண்டும். மழைக்கு முன்னால் செய்ய வேண்டியது சீமைக்கருவேலத்தை எடுப்பது. மேலே வெட்டினால் மறு வருஷம் அடர்ந்து தழைக்கும். ஒரு அடி ஆழம் தோண்டி வேர்த்தண்டோடு எடுக்க வேண்டும். மண் கொஞ்சம் ஈரமாக இருக்கும்போது கடப்பாரை சுலபமாக இறங்கும். தடித்த செருப்பையும் துளைக்கிற முள், குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள். புதருக்குள் பாம்பு இருக்கும், தட்டிச் சத்தம் கொடுத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

மார்கழி கடந்ததும் பாதை. ஆறடி அகலம் வையுங்கள். எதிரெதிரே இரண்டு பேர் ஒதுங்காமல் நடக்கலாம், சக்கர நாற்காலியும் போகும். அங்கே கிடக்கும் ரப்பிஷில் பிளாஸ்டிக், கண்ணாடி, கம்பியைப் பொறுக்கிவிட்டு, செங்கல் துண்டுகளை உடைத்து அடியில் பரப்புங்கள். நீங்கள் காசு கொடுத்து வெளியே அள்ள வேண்டிய பொருள் அஸ்திவாரமாகிவிடும். அதன்மேல் கிராவல் மண், தண்ணீர் தெளித்துத் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்க வேண்டும். சுற்று நிலத்தைவிட அரை அடி உயரம், மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர் ஒரு பக்கமாகச் சாய்வு. டைல்ஸும் பேவர் பிளாக்கும் வேண்டாம். அம்மாவின் முழங்காலுக்கு மண் பாதைதான் நல்லது, பழுது பார்க்கவும் உங்களாலேயே முடியும்.

மரத்துக்குப் பூவரசு, புங்கை, வேம்பு போதும். 2016 டிசம்பரில் வர்தா புயலில் விழுந்து கிடந்த குல்மொஹர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மரங்களைப் பாதைக்கு மேற்கே அதிகமாக வையுங்கள், நான்கு மணி வெயிலில்தான் நிழல் தேவைப்படும். ஆனால் கண் மட்டத்தில் புதர்ச்செடி வளர்க்காதீர்கள். ஒரு முனையில் நடக்கும் பெண்ணுக்கு மறுமுனை தெரிய வேண்டும், இருட்டிய பிறகும்.

தை மாதம் முதல் ஞாயிறு வேலை தொடங்குவதாக இருந்தால் தகவல் சொல்லுங்கள். திமிசுக்கட்டை என்னிடம் ஒன்று இருக்கிறது, எடுத்துக்கொண்டு வருகிறேன்.