பாய்மரப் படகு ஓட்ட ஆசை. படகும் இல்லை, தெரிந்தவரும் இல்லை. எப்படித் தொடங்குவது?

கேட்டவருக்கு வயது 26. பொன்னேரியில் இருக்கிறார், படகு வாங்க வசதியில்லை என்கிறார். நான் ஆரம்பாக்கத்துக்காரன். நம் ஊரைத் தாண்டினால் ஆந்திரா. சில வருடங்களுக்கு முன் எனக்கும் இதே கேள்விதான் இருந்தது.

படகு வாங்கும் யோசனையை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். இந்த விளையாட்டில் ஆளுக்குத்தான் பஞ்சம். இரண்டு பேர் ஓட்டும் சிறு படகில், பின்னால் இருப்பவர் சுக்கானையும் பெரிய பாயையும் பார்த்துக்கொள்வார். முன்னால் இருப்பவருக்கு ஜிப் என்ற சிறிய பாய். காற்று படகைச் சாய்க்கும்போது எதிர்ப்பக்க விளிம்பில் உட்கார்ந்து உடம்பை வெளியே சாய்ப்பதும் அவர் வேலை. அந்த இரண்டாவது ஆள் ஞாயிறு காலையில் வராவிட்டால் படகு கரையிலேயே கிடக்கும். நீங்கள் நுழைய வேண்டிய இடம் அதுதான்.

நமக்குப் பக்கம் சென்னைத் துறைமுகம். 1911-ல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பும், தமிழ்நாடு செயிலிங் அசோசியேஷனும் அங்கே இருக்கின்றன. நேத்ரா குமணன் முதன்முதலில் படகேறியது அந்த அசோசியேஷன் நடத்திய கோடை முகாமில்தான். 2021-ல் பாய்மரப் படகுப் போட்டிக்காக ஒலிம்பிக் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் அவர். துறைமுகம் என்பதால் வாசலில் பாதுகாப்புச் சோதனை உண்டு. நான் சொல்லாமல் கொள்ளாமல் போய், வாசலோடு திரும்பி வந்தேன். நீங்கள் முதலில் போனில் பேசி, உள்ளே வர என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டு ரயில் ஏறுங்கள். உறுப்பினர் கட்டணம் எவ்வளவு என்று ஆரம்பித்தால் அதிலேயே மனம் தளர்ந்துவிடும். பெரியவர்களுக்கான தொடக்க வகுப்பு எப்போது என்று கேளுங்கள். அப்புறம், முன்பக்கம் உட்கார யாருக்காவது ஆள் தேவையா என்று கேளுங்கள்.

ஒரு தடவை கேட்டால் போதாது, கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். முதல் மூன்று வாரம் நான் படகில் கால் வைக்கவில்லை. வண்டியில் வைத்துப் படகைத் தண்ணீருக்குத் தள்ளினேன், திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவினேன், பாயைச் சுருட்ட உதவினேன். நான்காவது வாரம் ஒருவருடைய ஜோடி வரவில்லை. "தம்பி, நீச்சல் தெரியுமா? அப்போ ஏறு" என்றார். அந்த ஒரு மணி நேரத்தில் இரண்டு முறை கயிற்றைத் தப்பான நேரத்தில் விட்டேன், ஒரு முறை படகே கவிழ்ந்தது. அவர் கோபப்படவில்லை. கவிழ்ந்த படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பலகையில் ஏறி நின்று, எடையைக் கொடுத்து நிமிர்த்தச் சொல்லிக் கொடுத்தார். மெல்லப் பாய் தண்ணீரை உதறிக்கொண்டு எழுந்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை. அடுத்த வாரமும் அவரே கூப்பிட்டார்.

போட்டி நாட்களில் மிதவை போட, நேரம் குறிக்க, கொடி ஏற்ற ஆள் வேண்டும். அதற்கும் பெயர் கொடுங்கள். நடுவர் படகிலிருந்து இருபது பேர் ஒரே காற்றை இருபது விதமாகப் பயன்படுத்துவதைப் பார்ப்பது பெரிய பாடம். படகு காற்றுக்கு நேர் எதிரே போகாது, ஏறக்குறைய 45 டிகிரி விலகி, இடமும் வலமுமாகத் திரும்பித் திரும்பித்தான் காற்று வரும் பக்கம் முன்னேற வேண்டும் என்பது எனக்கு அங்கேதான் மனதில் பதிந்தது.

வீட்டில் கல்லூரி படிக்கும் தம்பி தங்கை இருந்தால், என்.சி.சி.யின் கடற்படைப் பிரிவு அந்தக் கல்லூரியில் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே பாய்மரப் படகும் பயிற்சியில் உண்டு. ஐதராபாத்தில் உறவினர் இருந்தால் ஹுசேன் சாகரிலும் கற்கலாம். ஏரிதான் என்பதால் கடல் அலைக்குப் பயப்பட வேண்டாம்.

பழவேற்காடு இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது ஏன் சென்னை வரை என்று கேட்பீர்கள். என் அம்மா ஊர் அது, நானும் அங்கேதான் ஆரம்பிக்கப் பார்த்தேன். ஆனால் அங்கே படகு தொழிலுக்கு. எந்த இடத்தில் யார் வலை விடுவது என்று முறை வைத்து, பாடு பிரித்து மீன் பிடிக்கிறார்கள். அப்படி மீன் பிடிக்கப் போகிறவரிடம் என்னையும் ஏற்றிக்கொள்ளுங்கள் என்று கேட்பது நியாயமில்லை. 2011 கிறிஸ்துமஸ் அன்று அங்கே சுற்றிப் பார்க்கப் போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். எங்கள் வீட்டில் அந்த நாளை இன்னும் யாரும் மறக்கவில்லை. அதனால் யார் கூப்பிட்டாலும், ஏரி ஆழமில்லை என்று சொன்னாலும், லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஏறாதீர்கள். முகத்துவாரப் பக்கம் போகவே வேண்டாம். நீச்சல் தெரியாதென்றால் முதலில் அதைக் கற்றுக்கொள்ளுங்கள்.

ஆனால் காற்றைப் படிக்கப் பழவேற்காட்டை விட நல்ல இடம் எனக்குத் தெரியாது. என் மாமா கரையில் உட்கார்ந்தபடியே வாடை, கொண்டல், கச்சான் என்று பெயர் சொல்லிவிடுவார். தண்ணீர் மேல் கருமையாக ஒரு திட்டு நகர்ந்து வந்தால் அது வரப்போகும் காற்று என்று காட்டியவரும் அவர்தான். படகில் இன்றைக்கும் நான் முதலில் தேடுவது அந்தத் திட்டைத்தான். வகுப்பு தொடங்கும் வரை ஞாயிறு மாலைகளில் அங்கே போய் ஒரு மணி நேரம் உட்காருங்கள். கடல்காற்று எத்தனை மணிக்கு எழுகிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பக்கத்தில் வயதான மீனவர் யாராவது இருந்தால், காற்றின் பெயரைக் கேளுங்கள். சந்தோஷமாகச் சொல்வார்கள்.