வட்டி வாங்கினால் நோட்டின் பின்னால் வரவு எழுதி வாங்குங்கள்

கேள்வி: நகையை அடகு வைத்து என் நாத்தனார் வீட்டுக்காரருக்கு ஒன்றரை லட்சம் கொடுத்தேன். புரோ நோட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். எப்போது கேட்டாலும் ‘சம்பா அறுத்ததும் தர்றேன் தங்கச்சி’ என்கிறார். நடுவில் இரண்டு தடவை வட்டி கொடுத்தார். அதை என் டைரியில் குறித்திருக்கிறேன். வருகிற மாசியோடு மூன்று வருஷம் ஆகிறது. வக்கீல் நோட்டீஸ் விட்டால் போதுமா? போலீஸில் சொல்லலாமா?
– ஒரு வாசகி, வலங்கைமான் வட்டம்

பதில்: அம்மா, முதலில் நோட்டை எடுத்து அதிலுள்ள ஆங்கிலத் தேதியைப் பாருங்கள். மாசிக் கணக்கு கோர்ட்டில் எடுபடாது. 1963-ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டம் ஆங்கிலத் தேதியைத்தான் பார்க்கும். கேட்டவுடன் தருவதாக எழுதிய நோட்டுக்கு, எழுதிய நாளிலிருந்து 3 வருஷம்தான் ஆயுசு.

நோட்டீஸ் விடுவதால் அந்தக் கெடு ஒரு நாள்கூட நீளாது. கும்பகோணம் கோர்ட்டில் நான் பார்க்கிற கடன் வழக்குகளில் மனசு ஆறாதது இந்த இடத்தில்தான். நோட்டீஸ் போயிருக்கும், பதில் வரும் என்று காத்திருப்பார்கள், கெடு தாண்டியிருக்கும். கெடுவுக்குள் வழக்கு தாக்கலாகியிருக்க வேண்டும். கடைசி நாள் கோர்ட் விடுமுறையானால், திறக்கிற அன்றே தாக்கல் செய்ய வேண்டும்.

நீங்கள் டைரியில் எழுதிய வட்டிக் கணக்கு கெடுவை நீட்டாது. வட்டி கொடுத்தவர் கையாலேயே எழுதியிருக்க வேண்டும், அல்லது அவர் கையெழுத்தாவது இருக்க வேண்டும். அதனால் அடுத்த தடவை பணத்தோடு வரும்போது காபி கொடுங்கள், கூடவே நோட்டையும் நீட்டுங்கள். பின்பக்கத்தில் ‘இந்த நோட்டின் வட்டிக்காக இன்று ரூ.5,000 வரவு’ என்று எழுதி, தேதி போட்டு அவரையே கையெழுத்திடச் சொல்லுங்கள். கெடுவுக்குள் இது நடந்துவிட்டால் அந்த நாளிலிருந்து புதிதாக 3 வருஷம் கிடைக்கும். ‘பாக்கி இருப்பது உண்மை’ என்று கெடுவுக்குள் அவர் கையெழுத்திட்டுத் தரும் கடிதமும் அப்படியே. உறவு கெடுமே என்று தயங்காதீர்கள். எழுத்து இருந்தால்தான் இரண்டு வீட்டுக்கும் சண்டை குறைகிறது. நம் பக்கம் அறுவடைக்குத்தான் பணம் புழங்கும், அதனால் ‘அறுத்ததும் தர்றேன்’ என்பதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் மூன்று சம்பா போனால் நோட்டும் போய்விடும்.

அவர் எழுதித் தர மறுத்தால் தை பிறக்கும்வரை காத்திருக்காமல் வக்கீலைப் பாருங்கள். கடனை வசூலித்துத் தருவது போலீஸ் வேலை இல்லை. தமிழ்நாட்டில் பண வழக்குக்கு கோர்ட் கட்டணம் 3 சதவீதம், உங்கள் அசலுக்கு ரூ.4,500. கையில் பணமில்லை என்றாலும் கவலைப்படாதீர்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். வழக்கு நடக்கும்போதே மக்கள் நீதிமன்றத்தில் சமாதானமானால் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும். அந்தத் தீர்ப்புக்கு அப்பீலும் கிடையாது. சொந்தத்துக்குள் உள்ள கடனுக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான்.

கேள்வி: எனக்கு 1985-இல் கல்யாணம். அப்பா உயில் எழுதாமல் காலமானார். பூர்வீக நஞ்சைக்கு அண்ணன் தன் பெயரில் மட்டும் பட்டா மாற்றிக்கொண்டார். ‘89-க்கு முன்னால் கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பங்கில்லை’ என்கிறார்.
– ஒரு வாசகி, திருத்துறைப்பூண்டி

பதில்: அண்ணன் சொல்வது 1989-இல் வந்த தமிழ்நாட்டுச் சட்டம். அது அப்படித்தான் இருந்தது. அதற்குப் பிறகு 2005-இல் மத்திய சட்டம் திருத்தப்பட்டு, இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமாகப் பிறப்பிலேயே பங்கு வந்தது. எப்போது கல்யாணம் ஆனது என்பது கேள்வியே இல்லை. 2005 செப்டம்பர் 9 அன்று அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பாகப்பிரிவினை பதிவாகியிருந்தால் அதைக் கலைக்க முடியாது. எனவே சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள்.

பட்டா வருவாய்த் துறைப் பதிவு, அதுவே உரிமையாகிவிடாது. தாசில்தாருக்கு ஆட்சேபணை மனு கொடுங்கள், வாரிசுச் சான்றிதழை இணையுங்கள். அண்ணன் பேச்சுக்கு வராவிட்டால் பாகப்பிரிவினை வழக்குத்தான். நிலத்தை விற்கப் பார்க்கிறார் என்று தெரிந்தால் அந்த வழக்கிலேயே தடையுத்தரவும் கேளுங்கள். இதற்கிடையில் ‘சும்மா ஒரு கையெழுத்து’ என்று எந்தப் பத்திரம் வந்தாலும் வக்கீல் படிக்காமல் போடாதீர்கள். அது விடுதலைப் பத்திரமாக இருந்துவிட்டால் உங்கள் பங்கு அன்றோடு அண்ணனுக்குப் போய்விடும்.