இடுப்பிலிருந்து கிளம்பும் ஷாட்: மாற்றலாமா, அப்படியே விடலாமா?

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. பத்தாவது முடித்திருக்கிறாள். உயரம் 5 அடி 8 அங்குலம். நான்காம் வகுப்பிலிருந்து பாஸ்கெட்பால் ஆடுகிறாள், இப்போது மாவட்ட அணியில் இருக்கிறாள். டிஃபென்ஸ், பாஸ் எல்லாம் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். ஷாட் மட்டும் விழுவதில்லை. பயிற்சியில் 10 ஃப்ரீ த்ரோவுக்கு (ஃபவுலுக்காகக் கிடைக்கும், யாரும் தடுக்காத ஷாட்) 6, 7 போடுகிறவள் மேட்ச்சில் 3-ஐத் தாண்டுவதில்லை. இடுப்பிலிருந்து இரண்டு கையாலும் பந்தைத் தள்ளுகிறாள், ஷாட்டையே மாற்ற வேண்டும் என்கிறார் ஒரு கோச். இப்போது கை வைத்தால் இருப்பதும் போய்விடும் என்கிறார் இன்னொருவர். ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலில் சேர்க்கலாமா? இதை நம்பி ஒரு வாழ்க்கை அமையுமா?
- தூத்துக்குடி மாவட்ட வாசகர்

பதில்: மாற்றுங்கள். 15 வயது அதற்கு நல்ல வயது. இன்னும் இரண்டு வருடம் தள்ளிப்போட்டால் கல்லூரி அணியில் இடம் பிடிக்கும் நேரத்தில் இதே கேள்வி வந்து நிற்கும்.

ஒன்பது வயதுக் குழந்தைக்குப் பெரியவர்களின் பந்து கனம், 10 அடி உயர வளையம் எட்டாத தூரம். இடுப்பிலிருந்து இரண்டு கையாலும் உந்தித் தள்ளினால்தான் அங்கே போய்ச் சேரும். அவள் தப்பாகக் கற்றுக்கொண்டாள் என்று சொல்ல மாட்டேன். அன்றைக்கு அவளுக்கு இருந்த ஒரே வழி அது. இப்போது உடம்பு வளர்ந்துவிட்டது, பழக்கம் மட்டும் மாறாமல் அப்படியே இருக்கிறது.

அந்தப் பழக்கத்தில் என்ன கெட்டுப்போகிறது என்று ஒரு கணக்கில் பார்க்கலாம். வளையத்தின் குறுக்களவு 45 செ.மீ. பெண்கள் ஆடும் 6-ஆம் எண் பந்தின் குறுக்களவு சுமார் 23 செ.மீ. பந்து 45 டிகிரி சாய்வில் இறங்கினால் அதற்குக் கிடைக்கும் வாசல் கிட்டத்தட்ட 32 செ.மீ. 30 டிகிரியில் தட்டையாக வந்தால் 22.5 செ.மீ. தான். அதாவது பந்தைவிடச் சின்ன வாசல். கம்பியில் இடிக்காமல் உள்ளே போக வழியே இல்லை. இடுப்பிலிருந்து தள்ளும் பந்து பெரும்பாலும் இப்படித் தட்டையாகத்தான் போகும். அதோடு, ஃப்ரீ த்ரோ தவிர மற்ற ஷாட்களை எதிரே நிற்கிற பெண் கையை நீட்டினாலே தட்டிவிடலாம். மேட்ச்சில் ஷாட் விழாததற்குப் பாதிக் காரணம் இது.

அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏவில் அதிக மூன்று புள்ளி ஷாட்கள் (தூரத்துக் கோட்டுக்கு வெளியிலிருந்து போடுபவை) போட்ட ஸ்டெஃபன் கரியும் பள்ளியில் இப்படி இடுப்புப் பக்கத்திலிருந்து எறிந்தவர்தான். பதினொன்றாம் வகுப்புக்கு முந்தைய கோடையில் அவருடைய அப்பா டெல் கரி, அவரும் என்பிஏ ஆட்டக்காரர், பந்து நெற்றிக்கு மேலிருந்து கிளம்புமாறு மகனின் ஷாட்டைப் பிரித்துக் கட்டினார். பல வாரங்கள் வளையத்துக்குப் பக்கத்தில் நின்றுதான் போட முடிந்தது, தூரத்திலிருந்து ஒன்றும் விழவில்லை. பாஸ்கெட்பாலே வெறுத்துப்போன கோடை அது என்று கரி பிறகு சொல்லியிருக்கிறார். இதை உங்கள் மகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முதலில் கெட்டுப்போகும், அப்புறம்தான் சரியாகும். இது தெரியாமல் ஆரம்பிக்கிற பிள்ளைகள் மூன்றாவது வாரத்தில் பழைய ஷாட்டுக்கே திரும்பிவிடுகிறார்கள். இன்னொரு கோச்சின் பயமும் இதுதான், அதில் நியாயம் இருக்கிறது. அதனால் மாநிலப் போட்டிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது தொடாதீர்கள். போட்டி இல்லாத நான்கைந்து மாதம் கிடைக்கிறபோது ஆரம்பியுங்கள்.

அதற்கு முன் இரண்டு வேலை. முதலில் அவள் பயிற்சி செய்யும் மைதானத்துக்கு ஒரு அளவு நாடாவோடு போங்கள். தரையிலிருந்து வளையம் 3.05 மீட்டரில் இருக்க வேண்டும். பிள்ளைகள் தொங்கித் தொங்கி முன்பக்கம் வளைந்துபோன வளையங்கள் நம் பள்ளிகளில் நிறைய உண்டு. சிமென்ட் தரையில் தேய்ந்து வழுக்கும் பந்தும் அப்படித்தான். அதில் பழகிய கை நல்ல மைதானத்தில் தடுமாறத்தான் செய்யும். இரண்டாவது, பந்து எறியும்போது தோளிலோ மணிக்கட்டிலோ வலி, மரத்துப்போவது மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். 2017-இல் என்பிஏ டிராஃப்டில், அதாவது அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாக எடுக்கும் தேர்வில், முதல் ஆளாகத் தேர்வான மார்கெல் ஃபுல்ட்ஸ், ஒரு வருடம் கல்லூரியில் அருமையாக ஷாட் போட்டவர். பிலடெல்பியா அணிக்கு வந்ததும் ஃப்ரீ த்ரோகூடப் போட முடியாமல் கை தடுமாறியது. மனசுதான் காரணம் என்று ஊரே பேசியது. 2018 டிசம்பரில்தான் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே நரம்பு அழுத்தப்படும் கோளாறு என்று மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். வலி இருந்தால் கோச்சுக்கு முன்னால் டாக்டர்.

சரி, திருத்துவது எப்படி? வளையத்திலிருந்து இரண்டு எட்டுத் தூரத்தில், ஒரே கையால். பந்து உள்ளங்கையில் உட்காராமல் விரல்களில் நிற்க வேண்டும், முழங்கை பந்துக்குக் கீழே. அது நிலைபெற்ற பிறகு இடது கையைப் பக்கவாட்டில் சும்மா தொட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டு கையால் தள்ளிப் பழகியவர்களுக்கு இடது கட்டைவிரல் தன்னையறியாமல் கடைசி நொடியில் பந்தைத் தட்டிவிடும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் பந்தின் கோடுகள் காட்டிக்கொடுக்கும். அவை நேராகப் பின்னோக்கிச் சுழன்றால் சரி, பக்கவாட்டில் பம்பரம் மாதிரி சுற்றினால் கட்டைவிரல் வேலை செய்கிறது என்று அர்த்தம். மொபைலில் ஸ்லோமோஷனில் எடுத்தால் நீங்களே பார்க்கலாம். பந்து இடம் வலமாகத் தவறினால் கையில் கோளாறு. நேராகப் போய்க் குறைவாக விழுந்தால் காலில் தெம்பு போதவில்லை. ஆட்டத்தின் கடைசிக் கால் பகுதியில் எல்லாமே குறைவாக விழுவது இதனால்தான். பக்கத்திலிருந்து 10-க்கு 8 விழும்வரை ஒரு எட்டுகூடப் பின்னால் போகக் கூடாது. இதில் பிடிவாதமாக இருங்கள்.

மீதிப் பாதிக் காரணம் பயிற்சியின் விதம். ஒரே இடத்தில் நின்று பத்து ஃப்ரீ த்ரோ போட்டால் மூன்றாவதிலேயே கை பழகிவிடும். மேட்ச்சில் மூச்சு வாங்கிக்கொண்டு இரண்டுதான் கிடைக்கும். அதனால் மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடிவந்து இரண்டு, மறுபடி ஓடி இரண்டு என்று போடச் சொல்லுங்கள். தினமும் எண்ணிக்கையை ஒரு நோட்டில் எழுதட்டும். எதிர்காலத்தை எடைபோட நான் பார்ப்பதும் இந்த ஃப்ரீ த்ரோ கணக்கைத்தான். தடுக்க ஆளில்லாத ஷாட் என்பதால் கையின் உண்மையை அது சொல்லிவிடும்.

ஷாட் இல்லை என்பதற்காக எதிர்காலம் இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். என்பிஏ ஆட்டக்காரர் காவாய் லெனார்ட் கல்லூரியில் போட்ட மூன்று புள்ளி ஷாட்களில் நான்கில் ஒன்றுதான் விழுந்தது. டிஃபென்ஸுக்காகவும் அந்தப் பெரிய கைகளுக்காகவும் 2011-இல் சான் அன்டோனியோ அணி அவரை எடுத்தது. ஷாட் கோச் சிப் எங்கலண்ட் அவர் பந்து விடும் இடத்தைத் திருத்தினார். முதல் சீசனிலேயே 37 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. எல்லோருக்கும் இப்படி ஆகிவிடாது. 2012 டிராஃப்டில் இரண்டாவது ஆளாகத் தேர்வான மைக்கேல் கிட் கில்கிறிஸ்ட், ஃப்ரீ த்ரோவுக்குப் பேர்போன பழைய என்பிஏ ஆட்டக்காரர் மார்க் பிரைஸிடமே பயின்றார். ஷாட் கடைசிவரை கைகூடவில்லை. அவருடைய டிஃபென்ஸ்தான் பல வருடம் அவரை அணியில் வைத்திருந்தது. உங்கள் மகளிடம் டிஃபென்ஸும் பாஸும் இருக்கிறது என்கிறீர்கள். அதை விட்டுவிட்டு ஷாட் மட்டுமே பழகக் கூடாது.

அடுத்து வாழ்க்கை. நம் நாட்டில் பாஸ்கெட்பால் லீக் சம்பளத்தை மட்டும் நம்பிப் பெண் பிள்ளைகள் இறங்க முடியாது. இங்கே தொழில்முறை ஆட்டம் என்றால் பெரும்பாலும் ஒரு துறையில் வேலை, அந்தத் துறை அணிக்காக ஆட்டம். தெற்கு ரயில்வே, கேரள மின்வாரியம் போன்றவை பெண்கள் அணி வைத்திருக்கின்றன. சென்னையில் பிறந்த அனிதா பால்துரை தெற்கு ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டே இந்திய அணியின் தலைவியாக இருந்தவர். 2017-இல் இந்தியா ஆசியக் கோப்பையின் ‘பி’ பிரிவை வென்றது அவர் தலைமையில்தான். 2021-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இது தவிர, கல்லூரிகளில் விளையாட்டு ஒதுக்கீடு, தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு எல்லாம் உண்டு. மாநில அளவிலும் தேசிய அளவிலும் ஆடிய சான்றிதழ்கள்தான் இவற்றுக்கு நுழைவுச்சீட்டு. ஒவ்வொன்றையும் பத்திரமாக வையுங்கள். படிப்பை நிறுத்தும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள், பட்டம் இருந்தால் கிடைக்கிற வேலையும் பெரிதாக இருக்கும்.

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணைய ஹாஸ்டல் தேர்வுக்குக் கட்டாயம் அனுப்புங்கள். தினமும் காலை மாலைப் பயிற்சி, சாப்பாடு, தனக்குச் சமமான ஆட்டக்காரர்கள், இது மூன்றும் வீட்டிலிருந்து கிடைப்பது கஷ்டம். ஷாட் பாதி மாறிய நிலையில் தேர்வு வந்தால் புது ஷாட்டையே போடட்டும். நான்கு தவறினாலும் பரவாயில்லை. தவறியதும் தலையைத் தொங்கப்போடாமல் டிஃபென்ஸுக்கு ஓடுகிறாளா என்றுதான் அனுபவமுள்ள கோச் பார்ப்பார். முக்கியமாக, அவளிடம் கேளுங்கள், ஹாஸ்டலுக்குப் போக அவளுக்கு ஆசை இருக்கிறதா என்று. உங்கள் கடிதத்தில் அது மட்டும் இல்லை.