வாசகர் கேள்வி – பதில்: எந்த நாடு சரியாகச் செய்தது?

கேள்வி: 2020-இல் நம் நாட்டை முழுவதும் அடைத்தார்கள். சுவீடன் அடைக்கவில்லை, நியூசிலாந்து அடைத்து நோயையே விரட்டியது என்கிறார்கள். விசைப்படகில் கூலிக்குப் போகும் எனக்கு விளங்கும்படி சொல்லுங்கள், ஐயா. எந்த நாட்டுக் கொள்கை சரி? (பாம்பன் வாசகர்)

பதில்: அடைத்த நாடு, அடைக்காத நாடு என்று இரண்டு தட்டில் வைத்து நிறுத்தால் விடை கிடைக்காது. பெரு நாட்டைப் பாருங்கள். தென் அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள அந்த நாடு, நமக்கும் முன்பே, 2020 மார்ச் 16 முதல், இராணுவத்தைத் தெருவில் நிறுத்திக் கடுமையான ஊரடங்கை நடைமுறைப்படுத்தியது. ஆயினும் மக்கள்தொகை விகிதப்படி உலகிலேயே மிக அதிகமான கொரோனா இறப்புகள் பதிவானது அங்கேதான். 2021 மே இறுதியில் கணக்கைத் திருத்தியபோது, ஏறத்தாழ 69 ஆயிரமாக இருந்த இறப்பு எண்ணிக்கை 1 லட்சத்து 80 ஆயிரமாயிற்று. அங்கு உழைப்போரில் பெரும்பாலோர் அன்றாடங்காய்ச்சிகள். ஏறத்தாழப் பாதி வீடுகளில் குளிர்சாதனப் பெட்டி கிடையாது. எனவே நாள்தோறும் சந்தைக்குப் போயே தீர வேண்டும். வங்கிக் கணக்கு இல்லாதவர்கள் அரசின் உதவித்தொகைக்காக மணிக்கணக்கில் வரிசையில் நிற்க வேண்டும். வீட்டில் இருங்கள் என்ற ஆணையே மக்களைச் சந்தையிலும் வங்கி வாசலிலும் கூட்டிவிட்டது. அன்று கரைக்கு வந்த மீனை அன்றே விற்றாக வேண்டிய நம் ஊர்ப் பெண்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

உங்கள் கரையிலேயே ஓர் ஒப்பீடு இருக்கிறது. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அதுவும் ஓர் அடைப்புதான். ஆனால் அதன் நாள் முன்கூட்டியே தெரியும். படகைக் கரையேற்றிப் பழுதுபார்ப்பவர் பார்க்கிறார், வேறு வேலை தேடுபவர் தேடுகிறார், அரசின் நிவாரணத் தொகையும் உண்டு (போதுமா என்பது வேறு வழக்கு). 2020 மார்ச் 24 அன்று இரவு 8 மணிக்கு அறிவித்து, நள்ளிரவு முதல் நடைமுறைக்கு வந்த 21 நாள் ஊரடங்கு, இப்படி ஆயத்தமாக நான்கு மணி நேரமே தந்தது. இலவச அரிசியும், தமிழ்நாட்டில் குடும்ப அட்டைக்கு 1,000 ரூபாயும் பிறகு வந்தன. அவ்வாண்டு மட்டும் தடைக்காலத்தை 47 நாளாக மத்திய அரசு குறைத்ததை, முதலில் விடுபட்ட கணக்கைப் பின்னர் ஓரளவு நேர்செய்ததாகவே நான் கருதுகிறேன்.

நியூசிலாந்தில் மக்கள் 50 லட்சம் பேர், சுற்றிலும் கடல். அடைத்த கையோடு, வேலை நின்றவர்களின் ஊதியத்துக்காக 12 வார மானியத்தை முதலாளிகள் வழியாக ஒரே தவணையில் வழங்கினார்கள். சுவீடனோ தொடக்கப் பள்ளிகளைக்கூட மூடவில்லை. 2020-இல் அங்கு முதியோர் இல்லங்களில் நேர்ந்த உயிரிழப்பை அந்நாட்டு அரசு அமைத்த ஆணையமே கண்டித்தது; அண்டை நாடான நார்வேயில் இறப்பு மிகக் குறைவு. இருப்பினும், நோயுற்றவர் முதல் நாளிலிருந்தே நோய்க்கால ஊதியம் பெற்று வீட்டில் இருக்க அரசு வழிசெய்திருந்ததை மறக்கக் கூடாது. ஆகவே, எத்தனை நாள் அடைத்தார்கள் என்று கேட்பதற்கு முன், அடைபட்டவர் வீட்டில் அடுப்பு எரிந்ததா என்று கேட்டே நான் நாடுகளை ஒப்பிடுவேன்.

கேள்வி: எதிர்க்கரையில் இலங்கை நம்மைவிட நன்றாகக் கையாண்டதா? அங்கே ஜனாஸாக்களை (இறந்த இஸ்லாமியரின் உடல்களை) எரித்தார்களே? (தொண்டி வாசகி)

பதில்: 2020-இன் முதல் அலையில் நன்றாகக் கையாண்டதும் உண்மை, ஜனாஸாக்களை எரித்ததும் உண்மை, அம்மா.