சமூகவியலில் எது அறிவியல் முறை: கேள்வித்தாளா, ஊரில் உட்கார்ந்து பேசுவதா?

எம்.ஏ. ப்ராஜெக்ட்டுக்குக் கேள்வித்தாளோடு நிற்கிறீர்கள், "எண்களைப் போட்ட டேபிள் இல்லாமல் என்ன ஆராய்ச்சி" என்று உங்கள் கைடு மிரட்டியிருக்கிறார் என்றுதான் கேள்வியைப் பார்த்தால் தோன்றுகிறது. என்னையும் மிரட்டினார்கள், அதனால்தான் எழுதுகிறேன். நான் பேராசிரியர் எல்லாம் இல்லை, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

என் தலைப்பு கிராமத்துப் பெண்களின் வேலை. ஆலங்குளம் பக்கம் இரண்டு ஊர், 120 கேள்வித்தாள். ஐந்தாவது கேள்வி 'தொழில்'. முதல் வீட்டிலேயே ஓர் அத்தை, மடியில் சுளகு, வெட்டிய இலையில் தூளை வைத்து உருட்டி, நூலைச் சுற்றி, ஒன்றைக் கீழே போடுவதற்குள் அடுத்த இலையைக் கை எடுத்துவிடுகிறது. வேலைக்குப் போறீங்களா என்று கேட்டால் தலை நிமிராமலே, "நான் எங்க தாயி போறேன், சும்மாதாம் இருக்கேன்" என்றார். நானும் 'இல்லத்தரசி' கட்டத்தில் டிக் அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். கண்ணுக்கு முன்னால் பீடி விழுந்துகொண்டே இருக்கிறது!

ராத்திரி வீட்டில் கூட்டிப் பார்த்தால் பாதிக்கு மேல் இல்லத்தரசி. அம்மா திண்ணையில் பீடி சுற்றிக்கொண்டே, "என்னட்டி கணக்கு?" என்றாள். சொன்னேன். "அந்தத் தெருவுல சுத்தாத வீடு எதுட்டி?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பீடிக் காசில்தான் படித்தேன், ஆனால் கல்லூரி விண்ணப்பத்தில் 'தாயின் தொழில்' என்ற இடத்தில் கோடு போட்டதும் நானேதான்.

அப்புறம் கேள்வியை மாற்றி, "நேத்து விடிஞ்சதுல இருந்து படுக்குற வரைக்கும் என்னென்ன செஞ்சீங்க" என்று கேட்டு எல்லா வீட்டுக்கும் மறுபடி நடந்தேன். இலை ஊறவைத்தது, உலை வைத்தது, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியது, நடுநடுவே சுற்றியது என்று எல்லாம் வந்தது. பீடிக்கடைப் பாஸ்புத்தகம் ஒருத்தி பேரில் இருக்கும், சுற்றுவது மாமியார், மருமகள், பள்ளி விட்டு வந்த பிள்ளை என்று மூன்று பேர். கடைக் கணக்கை மட்டும் பார்த்தால் ஒரே தொழிலாளி.

"அது உன் கேள்வித்தாளின் குறை, கணக்கெடுப்பு முறையின் குறை இல்லை" என்று யாராவது வருவீர்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குறை இருக்கிறது என்பதே திண்ணையில்தானே தெரிந்தது? அதற்காகப் பேசினாலே போதும் என்றும் சொல்லவில்லை. எங்கள் தெருவைப் பார்த்துவிட்டு எல்லா ஊரிலும் ஒரு புத்தகத்துக்கு மூன்று பேர் என்று எழுத இருந்தேன். எண்ணிப் பார்த்த பிறகுதான், வயல் வேலை கிடைக்கிற அடுத்த ஊரில் அது குறைவு என்று தெரிந்தது.

பிரெஞ்சு சமூகவியலாளர் துர்கைம் 1897-ல் தற்கொலை பற்றி எழுதியபோது அரசாங்கப் பதிவுகளை வைத்துத்தான் வாதாடினார், அவ்வளவு பேரை எண்ணாமல் அந்த வாதமே இல்லை. ஆனால் ஒரு சாவைத் தற்கொலை என்று பதிவதா வேண்டாமா என்று தீர்மானிப்பவர் யார் என்று பின்னால் வந்தவர்கள் கேட்டார்கள். நான் டிக் அடித்த கதைதான் அதுவும். ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபரோ, ஒரு செயலைச் செய்கிறவர் அதற்கு என்ன அர்த்தம் வைத்திருக்கிறார் என்று புரிந்துகொள்ளாமல் விளக்கம் முடியாது என்றார். அந்த அத்தைக்கு 'வேலை' என்றால் வாசல் தாண்டிப் போவது. நம்ம ஊர் உதாரணமே இருக்கிறது: சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர் 1918-ல் வெளியிட்ட தென்னிந்தியக் கிராம ஆய்வுகளில் திருநெல்வேலி பக்கத்து நம் கங்கைகொண்டானும் ஒன்று. 1936-37-ல் வேறு ஆட்கள் அதே கிராமங்களுக்குத் திரும்பப் போனார்கள். முன்னால் போனவர் எப்படி, யாரிடம் கேட்டார் என்று எழுதி வைத்திருந்தால்தான் பின்னால் போகிறவர் அவரைத் தப்பு என்று காட்ட முடியும். எனக்குத் தெரிந்த அறிவியல் முறை இவ்வளவுதான், தாளில் கேட்டாலும் திண்ணையில் கேட்டாலும்.

ஆனால் அந்தத் 'தப்பு டிக்' கதையை எழுதிய அத்தியாயத்தை என் கைடு வெட்டச் சொல்லிவிட்டார், ஆய்வு பலவீனமாகத் தெரியுமாம். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், வந்தவர், "சொந்த ஊர்லயே ஆய்வா, புறநிலை எங்கே?" என்றார், விலகி நின்று பார்க்க முடியாதாம். சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ் மைசூர்க்காரர், 1948-ல் மைசூர் பக்கத்து ராம்புராவில் போய்த் தங்கித்தான் ஆய்வு செய்தார் என்று பதில் பஸ் ஏறின பிறகுதான் வாயில் வந்தது. வெட்டச் சொன்ன அதே கைடு வீட்டுப் பால் காய்ப்புக்கு நயினார்குளம் மார்க்கெட்டில் இருந்து வாழையிலைக் கட்டு சுமந்தவளும் நான்தான், ஆட்டோக் காசைக் கூட இன்னும் தரவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் பதிவாகட்டும்.

உங்கள் தாளில் 'தொழில்' கேள்வி இருந்தால் ஊருக்குள் போகும் முன் உங்கள் அம்மாவிடமோ ஆச்சியிடமோ கேட்டுப் பாருங்கள். என்ன சொன்னார்கள் என்று கீழே எழுதுங்கள்.